சர்க்கரைப் பிரிவு நர்ஸிடம் முதல் நாள்: வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



காரிமங்கலம் பக்கம் எனக்குப் பழக்கமான மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். முகாம் ஒன்றில் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவருக்குச் சர்க்கரை அதிகம் என்று தெரிந்தது. "அரசு சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸைப் போய்ப் பாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைக் கல்லாப் பெட்டியில் போட்டார். செவ்வாய்க்கிழமை சந்தை, கடையை விட்டு நகர முடியாது. புதன்கிழமை சேலம் சரக்கு இறங்கும். அப்புறம் ஆடிப்பெருக்கு, ஆயுத பூஜை, தீபாவளி என்று தள்ளிக்கொண்டே போய், பொங்கல் கழித்துத்தான் போனார். அதற்குள் இடது கால் பெருவிரலில் புண். கடைக்குள் வெறுங்காலோடு நடந்தபோது அட்டைப்பெட்டியின் பின் குத்தியிருக்கிறது; குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கடை ஒன்றரை மாதம் மூடிக் கிடந்தது.

"ஏன் அப்போதே போகவில்லை?" என்று பின்னர் கேட்டேன். நேரமில்லை என்றுதான் முதலில் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "நர்ஸம்மா திட்டுவாங்களோன்னு ஒரு பயம். அதிகாரி வந்து கணக்கு நோட்டைப் புரட்டுற மாதிரி இருக்குமோன்னு நினைச்சேன்" என்றார். நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. அந்த முதல் நாளில் உண்மையில் என்ன நடக்கும், எப்படிப் போக வேண்டும், என்ன கேட்டு வர வேண்டும் என்பதை நம் தொழிலை ஒட்டி இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் இந்த நர்ஸ்?

ஒரு காலத்தில் சர்க்கரை வியாதிக்குத் தனி வைத்தியம் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். டாக்டர் எம்.விசுவநாதன் 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இன்று ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் அந்த வசதி வந்துவிட்டது. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2012 முதல் மாநிலம் முழுவதும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தொற்றா நோய்ப் பிரிவு பரவியது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்ப்பதற்கென்றே அங்கே செவிலியர் நியமிக்கப்பட்டார்கள். பின்னர் நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சூளகிரி அருகே சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்ட் 5 அன்று "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. மாத்திரை வீட்டுக்கே வரும் திட்டம் அது.

இவர்களுக்கு வேலை குறைவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 14 பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கூறுகிறது. ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நம் கடைவீதியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே விஷயம் விளங்கும்.

மருந்து எழுதுபவர் டாக்டர். நர்ஸ் அளவெடுப்பார், விசாரிப்பார், குறித்து வைப்பார், விளக்கிச் சொல்வார், அடுத்து வர வேண்டிய தேதியைக் கொடுப்பார். டாக்டர் உங்களுடன் சில நிமிடம்தான் பேச முடியும். நர்ஸ் எழுதி வைப்பதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். ஆகவே நர்ஸிடம் சொல்லும் விவரம் தவறானால் மருந்தின் அளவும் தவறிப் போகலாம்.

போவதற்கு முன்

சந்தை நாளையும் சரக்கு வரும் நாளையும் தவிர்த்து ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் ஆகும் என்று கணக்கில் வையுங்கள். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடமோ வீட்டாரிடமோ ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா, சாப்பிட்டு வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வெறும் வயிறு என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 8 மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். கடைத் திண்ணையில் குடிக்கும் காலை டீயும் கூடாது. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு அதை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு சேர்த்து எப்படி எடுப்பது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் டிபன் பொட்டலம் இருக்கட்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆதார் அட்டை, செல்போன், பழைய பரிசோதனைச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். நாட்டு மருந்து, சூரணம், சந்தையில் வாங்கிய பொடி எதுவானாலும் அதையும் கொண்டு போங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதுவும். முடிந்தால் வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உப்பும் எண்ணெயும் அவர் கையில்தானே இருக்கின்றன!

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து பட்டினி கிடந்து, டீயை நிறுத்தி, "நல்ல" அளவைக் காட்டுபவர்கள் உண்டு. இது ஏமாற்றுக் கணக்கு. வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்றைய கல்லா இருப்பு மாதிரி. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஆனால் எச்.பி.ஏ.1.சி. என்றொரு பரிசோதனை இருக்கிறது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அத்தனை நாளும் அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதை அளப்பதால் மூன்று மாதத்துப் பேரேடு அப்படியே தெரிந்துவிடும். இரண்டு நாள் பட்டினியால் அதை மாற்ற முடியாது.

என்னென்ன அளப்பார்கள்?

எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் ஆகியவை முதலில். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போவது நம் நாட்டவருக்கு நல்லதல்ல. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த நாடாவைக் கண்டால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருங்கள். செல்போனில் சரக்கு விலை பேசிக்கொண்டே கையை நீட்டாதீர்கள்.

பிறகு ரத்தம். வெறும் வயிற்றில் 100 மி.கி.க்குக் கீழே இருந்தால் சரியான அளவு. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. இடைப்பட்டது வரம்பில் இருப்பது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முறை பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். இன்னொரு முறை பார்ப்பார்கள். எச்.பி.ஏ.1.சி. 6.5-ம் அதற்கு மேலும் போனால் வியாதி என்று கொள்வார்கள். மருந்து தொடங்கிய பின் பலருக்கும் 7-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. வயது, பிற நோய்களைப் பொறுத்து உங்கள் இலக்கு மாறலாம். "என் இலக்கு என்ன?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வரம்பில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வரம்பில் இருந்தவர்கள் நடைப்பயிற்சியையும் உணவு ஒழுங்கையும் கடைப்பிடித்ததால், மூன்று ஆண்டில் வியாதியாக மாறும் அபாயம் கால் பங்குக்கு மேல் குறைந்தது.

இவை தவிர சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு ஆகியவையும் பார்க்க வேண்டும். கண்ணின் விழித்திரையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அந்த வசதி அங்கே இல்லையென்றால் தாலுகா மருத்துவமனைக்கோ, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம் அல்லவா? கண், சிறுநீரகம், கால் மூன்றையும் அதுபோல ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னென்ன கேட்பார்கள்?

கேள்விகள் சொந்த விஷயமாக இருக்கும். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், எத்தனை டீ, பீடி சிகரெட் உண்டா, புகையிலை வாயில் வைப்பீர்களா, மது உண்டா, இரவில் எத்தனை முறை எழுந்து சிறுநீர் போகிறீர்கள், கால் மரத்துப் போகிறதா, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா என்றும் கேட்கலாம். சர்க்கரையால் அதுவும் பாதிக்கப்படும் என்பதால்தான் கேட்கிறார்கள். கூட்டத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் "தனியாகப் பேச வேண்டும் சிஸ்டர்" என்று சொல்லலாம்.

இங்கேதான் நம்மவர்கள் கணக்கை மறைப்பது. "ரெண்டு டீ குடிப்பேன்" என்பார்கள். மண்டிக்காரர் வந்தால் ஒன்று, லாரிக்காரர் வந்தால் ஒன்று, பாக்கி வசூலுக்குப் போன இடத்தில் ஒன்று என்று ஆறைத் தொடும். டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 60 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம் சர்க்கரை. ஒரு சின்னக் குடும்பத்துக்கு நாம் கட்டித் தரும் மாதச் சரக்கு அது! சாம்பிள் பார்க்க வாயில் போடும் வெல்லம், பேரீச்சை, மிக்சர் எல்லாம் இதில் சேராது. உள்ளதை உள்ளபடி சொன்னால் எங்கே குறைக்கலாம் என்று நர்ஸ் வழி சொல்லுவார். மறைத்தால் "சாப்பாடு சரியாக இருக்கிறது, மாத்திரைதான் போதவில்லை" என்று நினைத்து மாத்திரையைக் கூட்ட நேரிடும்.

செருப்பைக் கழற்றச் சொன்னால்

கால் பரிசோதனைக்கு வெட்கப்பட வேண்டாம். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, காய்ப்பு, நகம் எல்லாம் பார்ப்பார்கள். நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். அந்த இழை வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும்படி செய்யப்பட்டது. அந்த 10 கிராமைக் கால் உணரவில்லையென்றால் ஆணி குத்தினாலும் தெரியாமல் போகலாம். இழை இல்லாத இடத்தில் விரல் நுனியால் தொட்டும் பார்ப்பார்கள்.

கடைக்குள் செருப்புப் போடுவது லட்சுமிக்கு ஆகாது என்பது நம் வழக்கம். அதை மதிப்போம். ஆனால் மூட்டை தைக்கும் ஊசி, பெட்டிப் பின், கம்பி முனை எல்லாம் நம் தரையில்தான் கிடக்கின்றன. கடைக்குள் மட்டும் போடுவதற்கென்று வெளியே போகாத தனிச் செருப்பு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். பூஜை நேரத்தில் கழற்றினால் போயிற்று. இரவு கல்லா எண்ணி முடித்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். சின்னப் புண்ணாக இருந்தாலும் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் உடனே காட்டிவிட வேண்டும். மேலே சொன்ன நண்பர் இப்போது இதைத் தவறாமல் செய்கிறார்.

மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கா?

நம் தொழிலுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு தாமதமானால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, கூட்டம் குறையட்டும் என்று மூன்றரை மணி வரை சாப்பிடாமல் நிற்கும் கடைக்காரருக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல் வரும்; கணக்குத் தடுமாறும். 70 மி.கி.க்குக் கீழே போவது தாழ் சர்க்கரை. ஆகவே உங்கள் உண்மையான சாப்பாட்டு நேரத்தை நர்ஸிடம் சொல்லுங்கள். "ஒரு மணிக்குச் சாப்பிடுவேன்" என்று அழகுக்குச் சொல்லிவிட்டு வந்தால் ஆபத்து உங்களுக்குத்தான்.

கடையில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை இருந்தும் அவசரத்துக்குக் கைக்கு எட்டாது. 15 கிராம் பொட்டலங்கள் நாலு கட்டிக் கல்லாவில் போட்டு வையுங்கள். மேற்படி அறிகுறி வந்தால் ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லையென்றால் இன்னொன்று. சரியானதும் சாப்பிடுங்கள். கடைப் பையனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். முதலாளி நினைவிழந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

களியும் வெல்லமும்

"களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது" என்பது நம் தருமபுரிச் சீமையில் எல்லோரும் சொல்வது. கேழ்வரகு நல்ல தானியம்தான். சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. இரண்டு பெரிய உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். நர்ஸ் களியை நிறுத்தச் சொல்ல மாட்டார். அளவைக் குறைத்துக் கீரை, பருப்பு, காய் சேர்த்துக்கொள்ளச் சொல்வார். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். மாம்பழக் காலத்தில் எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நமக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. "சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு வெல்லம் தரலாமா அண்ணா?" என்று நம்மிடம்தான் வாடிக்கையாளர் கேட்கிறார். வியாபாரத்துக்காக "தாராளமா தரலாம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

முதல் நாளிலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாத்திரை கொடுப்பார்கள், தேதி கொடுப்பார்கள். சிலருக்கு மாத்திரையின் ஆரம்பத்தில் வயிறு புரட்டும். சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் குறையும். அதற்காக நிறுத்திவிடாமல் போய்ச் சொல்லுங்கள். அளவு சரியான பிறகு "குணமாகிவிட்டது" என்று தாமாக மாத்திரையை நிறுத்துவது தவறு. சரக்குக் கொள்முதலை நிறுத்திவிட்டு அலமாரி நிறைந்திருக்கிறது என்று மகிழ்வது போலத்தான் அது. இன்சுலின் எழுதினால் கடைசிக் கட்டம் என்று பயப்பட வேண்டாம். ஊசி போடும் முறையையும், வெயில் காலத்தில் கடையில் அதை எங்கே வைப்பது என்பதையும் நர்ஸே காட்டித் தருவார். திறக்காத மருந்து குளிர்பெட்டியில் இருக்கட்டும். உறைய விடக் கூடாது.

திரும்பும் முன் கேட்க வேண்டியவை ஐந்து: என் இலக்கு என்ன? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது? கண்ணும் சிறுநீரும் எப்போது பார்க்க வேண்டும்? அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும்? அந்தத் தேதியைக் கடை நாள்காட்டியில் சிவப்பு மையால் சுழித்து வையுங்கள். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் தேதியை மறக்கிறோமா?

அந்த மளிகைக் கடை நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "நர்ஸம்மா திட்டினாங்களா?" சிரித்தார். "இல்லீங்க. 'ஐயா, கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?'ன்னுதான் முதல்ல கேட்டாங்க. இதுக்கா எட்டு மாசம் பயந்தேன்னு இருந்துச்சு" என்றார்.

30 வயது கடந்த வணிகர்களும், அவர்கள் வீட்டாரும், கடைச் சிப்பந்திகளும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அரசு சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. பக்கத்துக் கடைக்காரர் போகும்போது அரை நாள் அவர் கடையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் உங்கள் கடையை அவர் பார்த்துக்கொள்வார். கல்லாவில் அப்படி ஒரு சீட்டு கிடந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள்.